ஜோவன் பெங்கெல்லி செய்த ப்ரூச்

கிளெர்கன்வெல், லண்டன்
11 ஜூன் 1962

அன்புள்ள தம்பி ஜோவனுக்கு,

நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரி டாம்சினும் நலமா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? இதையெல்லாம் முதலிலேயே கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த வரியிலிருந்து திட்டப் போகிறேன்.

உன் மெழுகு வந்தது. மெழுகு என்று வேண்டுமானால் சொல்லலாம், நீ செய்த உருவம் என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை தபாலில் போடாதே, சனி ஞாயிறு பட்டறை பூட்டியிருக்கும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். நீ வெள்ளிக்கிழமைதான் போட்டிருக்கிறாய், அதுவும் பிஸ்கட் டப்பாவில். தபால்காரர் அதைக் கீழே இருக்கும் கடிகாரக் கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறார். அவர், பாவம், பத்திரமாக இருக்கட்டும் என்று தெருவைப் பார்த்த ஜன்னலில் வைத்திருக்கிறார். இரண்டு நாளும் நல்ல வெயில். லண்டனில் எப்போதாவது தலைகாட்டும் வெயில், நேராக உன் டப்பா மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இன்று காலை திறந்து பார்த்தால், நடுவில் ஓட்டை வைத்த வழவழப்பான முட்டை மாதிரி இருக்கும் என்று எழுதியிருந்தாயே, அது ஒரு பக்கமாகச் சரிந்து டப்பாவின் மூலையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. தலையில் அடித்துக்கொண்டேன்.

சிற்பிகளுக்கும் ஓவியர்களுக்கும் ஆளுக்கொரு கட்டி மெழுகு கொடுத்து, நகை உருவம் செய்து அனுப்புங்கள், பொற்கொல்லர்கள் அதைத் தங்கத்தில் வார்ப்பார்கள் என்று கண்காட்சிக் குழு கேட்டபோது, வார்ப்பதற்கு என் பெயரைச் சொன்னவன் நீ. அதற்கு நன்றி சொல்லியாகிவிட்டது. ஆனால் வார்க்க ஏதாவது இருக்க வேண்டுமே. ஜூலை நடுவில் குழுவிடம் நகையை ஒப்படைக்க வேண்டும். உடனே இன்னொன்று செய்து, வைக்கோலில் பொதிந்து, திங்கட்கிழமை தபாலில் அனுப்பு.

அம்மாவுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
அக்கா மோர்வென்னா


செயின்ட் ஐவ்ஸ், கார்ன்வால்
20 ஜூன் 1962

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நடந்தே போய் வருகிறாள். டாம்சின் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். துறைமுகம் முழுக்க சுற்றுலாக்காரர்கள். ரொட்டிக் கடைக்குப் போனால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

மெழுகு விஷயம் கேட்டு வருத்தம். ஆனால் குழு கொடுத்த மெழுகு தீர்ந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் வைக்கப் பெரிய கருங்கல்லில் கை வைத்திருக்கிறேன், அதைப் பாதியில் விட முடியாது. அந்த மெழுகையே நீ கொஞ்சம் பார்த்துச் சரி செய்துவிடு அக்கா. உனக்குத் தெரியாததா.

அன்புடன்,
தம்பி ஜோவன்


கிளெர்கன்வெல்
9 ஜூலை 1962

அன்புள்ள ஜோவனுக்கு,

இங்கே நலம். அங்கே நலம் என்று நீ எழுதியதைப் படித்தேன், சந்தோஷம்.

கொஞ்சம் பார்த்துச் சரி செய்துவிடு என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். பார்த்தேன். உன் பழைய சிற்பங்களின் படங்களை முன்னால் வைத்துக்கொண்டு, சூடான கரண்டியால் தடவித் தடவி அந்த முட்டையை மறுபடி கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. சோப்புக் கட்டி மாதிரி வந்தது. அடுத்த மேஜைக்காரர் ஆர்பாக்கை உனக்குத் தெரியும், கல் பார்ப்பதில் கில்லாடி. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "குளிக்கறதுக்கு வெச்சிருக்கியா, விக்கறதுக்கா?" என்றார்.

கோபத்தில் அதைப் பிய்த்தேன். பிய்த்த இடம் நன்றாக இருந்தது. பிய்ந்த விளிம்பு நார் நாராக, உள்ளே மேடும் பள்ளமுமாக. அதையே பிடித்துக்கொண்டேன். மீதி மெழுகையும் பிய்த்துப் பிய்த்து அடுக்கினேன். கத்தி முனையைச் சுட வைத்து இழுத்தேன். சில இடத்தில் கட்டைவிரலை அழுத்திச் சட்டென்று எடுத்தேன், விரல் ரேகை அப்படியே விழுந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் செய்தேன். இத்தனை வருஷமாக மற்றவர்கள் வரைந்து கொடுத்ததைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கை இப்படியெல்லாம் போகும் என்றே எனக்குத் தெரியாது.

கல் ஆர்பாக் கொடுத்தது. பச்சை டூர்மலின், பூமியில் இருந்து எடுத்தபடியே, ஒரு முனை உடைந்தது. "இதுக்குப் பட்டை தீட்டுனா பாதி தூளாப் போயிடும். எடுத்துட்டுப் போ, என் டிராயர்ல இடத்த அடைக்குது" என்றார். நான் பட்டையும் தீட்டவில்லை, பாலிஷும் போடவில்லை. உடைந்த முனை வெளியே தெரியும்படி தங்கத்துக்குள் சாய்த்து வைத்தேன். வார்ப்பு முதல் தடவையிலேயே சுத்தமாக வந்தது. தங்கத்தையும் தேய்க்கவில்லை, சொரசொரவென்று அப்படியே விட்டேன்.

கோட்டில் ஊசியால் குத்திக்கொள்ளும் ப்ரூச்சாக முடித்திருக்கிறேன், போட்டோ அனுப்பியிருக்கிறேன், பார். இது உன்னுடையது இல்லை என்று உனக்கே தெரியும். குழுவின் தாளில் கலைஞர் என்ற இடத்தில் உன் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் அழைப்பு உனக்குத்தான், வேறு பெயர் எழுதினால் வாங்கவே மாட்டார்கள். ஆனால் நீ சொன்னால் கேட்பார்கள். செப்டம்பரில் கண்காட்சியின் விவரப் புத்தகம் அச்சாகிறது. அதற்குள் குழுவுக்கு ஒரு வரி எழுதிவிடு: இந்த நகையின் வடிவமும் என் அக்காவுடையது என்று. அவ்வளவுதான் நான் கேட்பது. என் வாழ்நாளில் நானாகச் செய்த முதல் பொருள் இது, ஜோவன்.

அம்மாவைப் படியில் பார்த்து இறங்கச் சொல்.

அக்கா


செயின்ட் ஐவ்ஸ்
2 ஆகஸ்ட் 1962

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். போட்டோ கிடைத்தது. நன்றாக வந்திருக்கிறது. டாம்சின் அதை சமையலறை அலமாரியில் சாய்த்து வைத்திருக்கிறாள்.

இந்த வருஷம் கானாங்கெளுத்தி ஏராளம். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் ஒரு வாளி கொண்டுவந்து வைத்துவிடுகிறார், எங்களுக்கு மீன் வாடையே பழகிவிட்டது. பள்ளிக்கூடக் கல் வேலை நடக்கிறது, மெதுவாக. என் சிற்பங்களை விற்றுத் தரும் கலைக்கூடக்காரர் போன மாதம் வந்து எதுவும் எடுத்துக்கொள்ளாமல் போனார். சீசன் சரியில்லை என்கிறார்.

நீ சொன்னதைப் பிறகு பார்க்கலாம். அந்தக் கல்லுக்கு ஏன் பட்டை போடவில்லை?

அன்புடன்,
ஜோவன்


கிளெர்கன்வெல்
29 அக்டோபர் 1962

ஜோவனுக்கு,

நலம்தான். அணுகுண்டு விழுந்து உலகமே வெடித்துவிடும் என்று போன வாரம் முழுக்க ரேடியோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெடிக்கவில்லை. நான் மட்டும்தான் இங்கே வெடித்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு ஆகஸ்டில் இரண்டு கடிதம், செப்டம்பரில் ஒன்று போட்டேன். கிணற்றில் போட்ட கல்தான். விவரப் புத்தகம் வந்துவிட்டது. பக்கத்தின் மேலே கொட்டை எழுத்தில் உன் பெயர், சிற்பி என்று. கீழே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால், வார்ப்பு: எம். பெங்கெல்லி. ஆர்பாக் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுப் படித்துவிட்டு, "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. உன் பேரா அது?" என்றார்.

கண்காட்சி திறந்த அன்று போனேன். உன் நகைப் பெட்டி முன்னால்தான் கூட்டம். ஆமாம், உன் நகை என்றே எழுதுகிறேன், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மற்ற சிற்பிகள் சின்னச் சின்ன சிற்பம் செய்து அதற்கு ஊசி மாட்டியிருக்கிறார்கள். இது ஒன்றுதான் நகையாக இருக்கிறது. என் பக்கத்தில் ரோமக் கோட்டு போட்ட ஒரு அம்மாள் கணவரிடம் சொன்னாள்: "அந்தக் கட்டைவிரல் பதிஞ்ச எடத்தப் பாருங்க. கல்லு ஒடைக்கிற ஆம்பளக் கை. பொம்பளைங்களுக்கு இந்த அழுத்தம் வராது." கணவர் தலையாட்டினார். நான் அவர்களுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் விரலை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

பத்திரிகையிலும் அதையேதான் எழுதியிருக்கிறார்கள். படத்தோடு வந்திருக்கிறது, நீயும் பார்த்திருப்பாய். கார்ன்வால் பாறைகளின் முரட்டுத்தனமாம். நீ வாழ்நாள் முழுக்க வழவழப்பாகத் தேய்த்தே பிழைத்தவன். அதை ஒருத்தராவது கவனித்தார்களா என்றால் இல்லை.

கண்காட்சி ஜனவரி வரை நடக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் அட்டையை மாற்றி எழுத அரைமணி நேரம் போதும். ஒரு வரி, ஜோவன். மென்று விழுங்காமல் ஒரே ஒரு வரி எழுது.

மோர்வென்னா


செயின்ட் ஐவ்ஸ்
18 நவம்பர் 1962

என் செல்ல மகள் மோர்வென்னாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் சொல்லச் சொல்ல டாம்சின் எழுதுகிறாள், என் கை எழுத ஒத்துழைக்கவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? லண்டன் புகைமூட்டத்தில் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு போ.

உன் தம்பியின் ப்ரூச் படம் பத்திரிகையில் வந்ததே, அதை வெட்டி என் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். சர்ச்சில் ஒருத்தர் பாக்கியில்லாமல் காட்டிவிட்டேன். போதகர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். உங்கள் அப்பா இருந்திருந்தால் எப்படிப் பூரித்திருப்பார். அதை வார்த்துக் கொடுத்து நீ தம்பிக்கு ஒத்தாசையாக இருந்தாயாமே. நீங்கள் இரண்டு பேரும் இப்படி ஒருத்தருக்கொருத்தர் அனுசரணையாக இருப்பதைப் பார்க்க எனக்கு வேறென்ன வேண்டும்.

இப்போது கலைக்கூடக்காரர் வாரம் தவறாமல் வருகிறார். ஜோவனின் இரண்டு கல் விற்றுவிட்டது. ஆனால் அவன்தான் சரியில்லை. கொட்டகைக்குள் போனால் வெளியே வருவதில்லை. உளிச் சத்தமும் கேட்பதில்லை. சாப்பாட்டை டாம்சின் கொண்டுபோய் வைத்தால் அப்படியே திரும்பி வருகிறது. கிறிஸ்துமஸுக்கு நீ வந்து அவனிடம் பேசு.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.
அம்மா

(அண்ணி, இது நான் டாம்சின். உங்கள் தம்பி அடுப்பில் இருக்கும் என் பாத்திரத்தை எல்லாம் எடுத்துப் போய் மெழுகு உருக்குகிறார். ஏன் என்று கேட்டால் எரிந்து விழுகிறார்.)


கிளெர்கன்வெல்
14 டிசம்பர் 1962

ஜோவனுக்கு,

நான் கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. அம்மாவிடம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடு. அந்தப் படத்தை பைபிளில் இருந்து எடுத்து என்னிடம் காட்டினாள் என்றால், என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேஜையில் அவள் முகம் சுருங்குவதை நான் ஏன் பார்க்க வேண்டும். அவளிடம் உண்மையைச் சொல்லும் வேலை உன்னுடையது.

நேற்று குழுச் செயலாளர் பட்டறைக்குப் போன் செய்தார். கண்காட்சியில் ப்ரூச்சைப் பார்த்த திருமதி வென்லாக் என்ற பணக்கார அம்மாளுக்குச் சங்கிலியில் கோத்துப் போட ஒரு பதக்கம் வேண்டுமாம், ப்ரூச் போலவே, அதே இனக் கல்லில். "உங்க தம்பிக்கு எழுதினோம், உடனே ஒத்துக்கிட்டார். வழக்கம் போல வார்ப்பு நீங்கதானே?" என்று கேட்டார். வழக்கம் போலவாம். என் மூன்று கடிதத்துக்குப் பதில் எழுத உனக்குக் கை வரவில்லை, இதற்கு மட்டும் உடனே வந்துவிட்டது.

அந்தப் போனிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. நான் சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். தம்பி பெயர் வாங்கியதும் அக்காவுக்குப் பொறாமை என்பார்கள். வார்க்கும்போதே மெழுகு உருகி ஓடியாகிவிட்டது, ஆர்பாக் சொன்னாலும் பட்டறைக் கூட்டாளி என்று தள்ளிவிடுவார்கள், வேறு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? நீ சொன்னால்தான் அது உண்மை. நான் சொன்னால் வயிற்றெரிச்சல்.

சரி, பதக்கம் செய்வோம். ஒத்துக்கொண்டது நீ, உருவமும் நீயே செய். வருவது எப்படி வருகிறதோ அப்படியே வார்ப்பேன். என் நகம்கூடப் படாது. கொஞ்சம் பார்த்துச் சரி செய் என்று எழுதினாயானால் டப்பாவை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன்.

மோர்வென்னா


செயின்ட் ஐவ்ஸ்
21 ஜனவரி 1963

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இப்படி ஒரு பனியை யாரும் பார்த்ததில்லை. குழாயெல்லாம் உறைந்துவிட்டது. ரயில் இரண்டு நாளாக வரவில்லை. அம்மா படுக்கையிலேயே தொப்பி போட்டுக்கொண்டு இருக்கிறாள், மற்றபடி நலம். அங்கே பட்டறையில் அடுப்பு எரிகிறதா?

மெழுகு அனுப்பியிருக்கிறேன், கம்பளியில் சுற்றி, மரப் பெட்டியில். திங்கட்கிழமை தபால்.

ஜோவன்


கிளெர்கன்வெல்
19 பிப்ரவரி 1963

ஜோவனுக்கு,

அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை தனியாக அனுப்பியிருக்கிறேன், போடச் சொல்.

சொன்னபடி செய்தேன். உன் மெழுகு பெட்டியில் இருந்து நேராகச் சுண்ணச் சாந்துக்குள் போனது. மெழுகை உருக்கி ஓடவிட்டு அந்த அச்சில் தங்கம் ஊற்றினேன். உடைத்து எடுத்தேன். கழுவினேன். நீ குறித்திருந்த குழியில் கல்லை வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

ஆர்பாக் கையில் வாங்கி விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் எதற்கும் நக்கலடிக்கிற ஆள், இதற்கு அடிக்கவில்லை. "இது முள்கரண்டி" என்றார். நான் பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன். சாப்பிடுகிற முள்கரண்டியால் கீறியிருக்கிறாய், அதுதான் கோடெல்லாம் நாலு நாலாக, ஒரே இடைவெளியில் ஓடுகிறது. விரல் பதித்த இடத்தில் பதித்துவிட்டு, பிறகு சுற்றித் தடவிச் சமப்படுத்தியிருக்கிறாய். உனக்குத் தடவாமல் விட முடியாது. பத்திரிகைப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாய். என் ப்ரூச்சின் இடது ஓரத்தில் ஒரு நெளிவு இருக்கிறதே, கத்தி வழுக்கியதில் வந்தது, அதைக்கூட விடாமல் காப்பியடித்திருக்கிறாய்.

திருமதி வென்லாக் பெட்டியைத் திறந்தாள், மூடினாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல ஏதோ பயம் தெரியுது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இதைத்தானே எதிர்பார்த்தேன். ஆனால் பட்டறைக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதேன், ஆத்திரத்தில்தான். இத்தனை மாதமாக நீ அலட்சியமாக இருக்கிறாய், என் கடிதத்தைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. ஒவ்வொரு வரியையும் படித்திருக்கிறாய். எல்லாம் தெரிந்துதான் கல்லுளிமங்கனாக இருந்திருக்கிறாய். டாம்சினின் பாத்திரத்தில் எத்தனை மெழுகு உருக்கினாய், ஜோவன்? எத்தனை தடவை செய்து பார்த்தாய்?

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம். வடக்கே ஒரு நகர அருங்காட்சியகம் ப்ரூச்சை வாங்கக் கேட்டிருக்கிறது. நிரந்தரமாக, கண்ணாடிக்குள் வைப்பார்கள், நாம் செத்த பிறகும் இருக்கும். வடிவமைத்தவர் தன் கையால் செய்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். அந்தத் தாளை உனக்கு அனுப்பியிருக்கிறார்கள். போடுவதானால் போடு. போட்டுவிட்டால் அதற்குப் பிறகு எனக்குக் கடிதம் எழுதாதே. அம்மாவைப் பற்றி டாம்சின் எழுதினால் போதும்.

மோர்வென்னா


செயின்ட் ஐவ்ஸ்
17 மார்ச் 1963

அக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே பனி உருகி எங்கே பார்த்தாலும் சேறு.

கையெழுத்துப் போடவில்லை. அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டேன்: நான் அனுப்பிய மெழுகு வெயிலில் அழிந்துவிட்டது, இந்த ப்ரூச்சின் வடிவம், விரல், கல் எல்லாமே என் அக்கா மோர்வென்னா பெங்கெல்லியுடையது, இதில் என் கை எங்கேயும் இல்லை. குழுவுக்கும் ஒரு பிரதி போட்டேன். இதை ஜூலையில் எழுதியிருக்க வேண்டும்.

ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். உன் போட்டோ வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். என் கல்லெல்லாம் வரிசையாக நின்றது, எல்லாமே சோப்புக் கட்டி. நீ எழுதியிருந்த அதே வார்த்தை. எனக்கு எரிச்சலாக வந்தது. இவள் யார், அறுந்த சங்கிலிக்குப் பற்றவைக்கிறவள், ஒரு மெழுகைக் கோபத்தில் பிய்த்து இதைச் செய்துவிட்டாளே என்று. அதனால்தான் கல்லுக்கு ஏன் பட்டை போடவில்லை என்று கேட்டேன். ஏதாவது ஒரு குறை சொல்லியாக வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு பத்திரிகையில் வந்தது. கலைக்கூடக்காரர் வந்தார். மூன்று வருஷமாக விற்காத கல்லை ஒரே மாதத்தில் வாங்கிப் போனார். சொல்லிவிட்டால் எல்லாம் போய்விடும். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரே ஒரு தடவை என் கையாலும் அது வந்துவிட்டால் பொய் இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். எத்தனை தடவை என்று கேட்டாயே. தெரியாது, எண்ணவில்லை. ஒன்றும் வரவில்லை. நான் எதைச் செய்தாலும் கடைசியில் விரல் தானாகத் தடவிவிடுகிறது.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமை காலை பைபிளில் இருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, டாம்சினிடம் பென்சில் கொடுத்து என் பெயரை அடிக்கச் சொன்னாள், மேலே உன் பெயரை எழுதச் சொன்னாள். அதை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போய், முன்பு காட்டிய ஆட்களிடமே மறுபடியும் ஒவ்வொருவராகக் காட்டினாள். "இது எம் மக செஞ்சதாம். போன தடவ தப்பாச் சொல்லிட்டேன்." நான் பக்கத்திலேயே நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

கலைக்கூடக்காரர் இன்னும் வரவில்லை. வரமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பதக்கத்தை என்ன செய்வது என்று நீயே முடிவு செய். எனக்கு அதைப் பார்க்க வேண்டாம்.

ஜோவன்


கிளெர்கன்வெல்
22 ஏப்ரல் 1963

அன்புள்ள தம்பி ஜோவனுக்கு,

நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவின் காலுறை அளவு சரியாக இருந்ததா என்று யாருமே எழுதவில்லை.

உன் கடிதத்தை மூன்று நாள் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பஸ்ஸில் படித்தேன், டீக்கடையில் படித்தேன். சங்கிலிக்குப் பற்றவைக்கிறவள் என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் கோபம் வந்தது. அம்மா காகிதம் காட்டிய இடத்தில் ஒவ்வொரு தடவையும் அழுகை வந்தது. டீக்கடைப் பெண் இன்னொரு டீ காசில்லாமல் கொடுத்தாள், ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்துவிட்டாள்.

அருங்காட்சியகம் பதில் போட்டிருக்கிறது. ப்ரூச்சும் கூடவே வந்துவிட்டது. உன் நேர்மைக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய தொகுப்பு சிற்பிகளும் ஓவியர்களும் வடிவமைத்த நகைகளுக்கானதாம், ஆகவே இதை ஏற்க இயலாததற்கு வருந்துகிறார்களாம். செல்வி பெங்கெல்லியின் கைத்திறன் பாராட்டுக்குரியதாம். பாராட்டைப் பஞ்சில் பொதிந்து பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள்.

அதே ப்ரூச், ஜோவன். ஒரு கீறல் மாறவில்லை. உன் பெயரில் இருந்தவரைக்கும் அது சிற்பம். என் பெயருக்கு வந்ததும் வெறும் நகையாகிவிட்டது. மாதக்கணக்கில் ஒரு வரி, ஒரு வரி என்று உன் உயிரை எடுத்தேன். நீ எழுதிவிட்டாய், அவர்கள் இதைத் திருப்பிவிட்டார்கள். குழுவில் இருந்து இரண்டே வரி வந்தது. புத்தகம் அச்சாகிவிட்டதால் திருத்தம் செய்ய வழியில்லை, அடுத்த கண்காட்சியிலும் வார்ப்புக்கு என் ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறார்களாம். சிரித்துவிட்டேன். ஆர்பாக் சிரிக்கவில்லை. அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கி, நாலாக மடித்து, ஆடுகிற தன் மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார்.

என் ஆத்திரம் தீர்ந்ததா என்றால், பாதிதான் தீர்ந்தது. உன் மேல் இருந்தது தீர்ந்துவிட்டது. மற்றவர்கள் மேல் இருப்பதை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

இரண்டு நகைக்கும் தங்கத்தை வணிகரிடம் கடனாகத்தான் எடுத்திருந்தேன். விற்காத பண்டத்தின் தங்கம் அவருக்குத் திரும்பியாக வேண்டும், அது எங்கள் தொழில் வழக்கம். ஒன்றையாவது உடனே கொடு, இன்னொன்றுக்கு மாதாமாதம் கட்டிக்கொள் என்றார். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஆர்பாக், "தம்பி கஷ்டப்பட்டுப் பண்ணது, கொஞ்சம் யோசி" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது. உன் பதக்கத்தை, கல்லைக் கழற்றிவிட்டு, பொன் உருக்கும் மண்குகையில் போட்டு ஊதினேன். முள்கரண்டிக் கோடெல்லாம் முதலில் போனது. பாசம் வேறு, வேலை வேறு. நீயும் அதைத்தான் செய்திருப்பாய், செய்திருக்காவிட்டால் உன்னை மதிக்க மாட்டேன்.

ப்ரூச் என்னிடம் இருக்கிறது. அதற்கான கடன் கட்டி முடிய இந்த வருஷம் முழுக்க ஆகும், ஆகட்டும். இன்று காலை அதைக் கோட்டில் குத்திக்கொண்டு வேலைக்கு வந்தேன். இவ்வளவு பெரிய தங்கத்தை யாராவது பஸ்ஸில் குத்திக்கொண்டு போவார்களா என்று ஆர்பாக் திட்டுவார், திட்டட்டும். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது, பாதியிலயே நிக்குது. இன்னும் பாலிஷ் போடலயா?"

"பாலிஷ் கிடையாது, வேலை முடிஞ்சாச்சு. இது இப்படித்தான்."

"யாரு செஞ்சது?"

"நான்தான்" என்றேன்.

அவர் ஒருதரம் என் முகத்தைப் பார்த்தார், ஒருதரம் ப்ரூச்சைப் பார்த்தார். "அப்படியா" என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். அவர் நம்பினார், ஜோவன். கையெழுத்துக் கேட்கவில்லை.

வேலை காத்திருக்கிறது. சாப்பிடு. டாம்சினுக்குப் புதுப் பாத்திரம் வாங்கிக் கொடு.

இப்படிக்கு,
உன் அக்கா
மோர்வென்னா பெங்கெல்லி